டிரெயிலர் பிரேக்கும் நான்கு கம்பிகளும்

பாரம் ஏற்றிய டிரெயிலரை இழுப்பது எளிது, நிறுத்துவதே கடினம். முன்வண்டிக்கு மட்டும் பிரேக் இருப்பின், பின்பாரம் அதனைத் தள்ளும். சரிவிலோ பக்கவாட்டில் மடக்கிக் கவிழ்த்தும் விடும். இதன்பொருட்டே அமெரிக்க விவசாயிகள் தங்கள் பிக்கப் லாரிகளில், டிரெயிலரின் மின்சாரப் பிரேக்கை இயக்கும் கருவியொன்றை அமைத்துக்கொள்கின்றனர்.

அக்கருவிக்கு வழக்கமாக நான்கு கம்பிகள். கறுப்பு, பாட்டரியிலிருந்து மின்சாரம் கொணர்வது. சிவப்பு, பிரேக் மிதிக்கப்பட்டதை அறிவிப்பது. நீலம், சக்கரங்களிலுள்ள காந்தங்களுக்குச் செல்வது. வெள்ளை, எர்த் கம்பி. இவ்வெள்ளையையே பலர் அலட்சியம் செய்கின்றனர். துருவேறிய தகட்டில் ஏதோவொரு திருகாணியில் முடுக்கிவிட்டால் மெல்ல மிதிக்கையில் குறை தெரியாது. காந்தமொன்றுக்கு ஏறக்குறைய 3 ஆம்பியர் வீதம் நான்கு சக்கரங்களுக்கு 12 ஆம்பியர் ஓடவேண்டிய தருணத்திலேதான் பிரேக் சோர்ந்துபோகும். ஆகவே அதனைப் பாட்டரியின் நெகட்டிவ் முனைக்கே நேராகக் கொண்டு சேர்த்தல் வேண்டுமென்பது எமது அபிப்பிராயம். மெல்லிய கம்பி வாங்கிச் சில்லறை மிச்சம் பிடிப்பதும் இதே கேட்டைத் தரும்.

நிற்க. நம் நாட்டில் டிராக்டரின் பின்னே கரும்பு ஏற்றிச் செல்லும் டிரெயிலர்கள் பலவற்றில் பிரேக்கே கிடையாது. மின்சார முறைதான் வேண்டுமென்பதில்லை. காற்றாலோ எண்ணெயாலோ இயங்குவதேனும் உண்டாவென்று கேட்டு வாங்குவதில் நிலச்சுவான்தார்களுக்கு என்ன தடை?