ஓசை மட்டுமல்ல, ஆவியும் காதைக் கெடுக்கும்

மத்திய அரசின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் 2025 நவம்பர் 21ஆம் தேதி முதல் நடைமுறைக்கு வந்துவிட்டன. சம்பளம், கிராஜுவிட்டி, வேலைநிறுத்த உரிமை ஆகியவை பற்றியே எங்கும் பேச்சு. அது இயல்புதான். ஆனால் மும்பை, தானே, பிவண்டி, தாராப்பூர் வட்டாரங்களில் வேலை பார்க்கும் தமிழ்த் தொழிலாளர்கள் கவனிக்க வேண்டிய வேறொரு விஷயமும் இவற்றுள் அடங்கியிருக்கிறது. அது காது பற்றியது.

இரைச்சலால் வரும் காது மந்தம் நம் நாட்டில் சட்டம் ஒப்புக்கொண்ட தொழில் நோய். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தில் அது பட்டியலிடப்பட்டிருந்தது. அதன் இடத்துக்கு வந்துள்ள புதிய தொகுப்பிலும் இருக்கிறது. நஷ்டஈட்டுக்குரிய நோய்களின் பட்டியலிலும் உண்டு. ஆகவே சட்டமே இல்லை என்று புலம்புவதற்கில்லை. சட்டம் எதைக் காதுக்கு எதிரியாகக் கருதுகிறது என்பதுதான் கேள்வி. அதன் கண்ணில் படுவது ஓசை ஒன்றுதான்.

விஞ்ஞானிகள் சொல்வது வேறு. தின்னரிலும் பசையிலும் அச்சு மையிலும் உள்ள டொலுவீன், பெயின்டில் கலக்கும் சைலீன், பிளாஸ்டிக் வார்ப்பில் வரும் ஸ்டைரீன், ரேயான் ஆலையின் கார்பன் டைசல்பைடு, பாட்டரிக் கூடத்தின் ஈயம், உலைகளிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு ஆகிய யாவும் கேட்கும் சக்தியைப் பாதிக்கக் கூடியவை. பிரேசில் நாட்டில் பெயின்ட், அச்சுத் தொழிலாளர்களிடம் டைஸ் மொராட்டா என்ற ஆராய்ச்சியாளரும் குழுவினரும் நடத்திய ஆய்வு 1993இல் வெளியாயிற்று. இரண்டுக்கும் ஆளாகாதவர்களோடு ஒப்பிட்டால், இரைச்சலில் மட்டும் வேலை செய்தோருக்குக் காது கெடும் அபாயம் சுமார் 4 மடங்கு. இரைச்சலோடு டொலுவீன் ஆவியும் சேர்ந்தவர்களுக்கோ 11 மடங்கு! 2018இல் அமெரிக்க அரசின் தொழில் பாதுகாப்பு அமைப்புகள் இரண்டும் சேர்ந்து இதுபற்றி எச்சரிக்கை அறிக்கையே வெளியிட்டன.

காரணம் சிக்கலானதல்ல. உட்காதில் நத்தை ஓடு போன்ற ஓர் உறுப்பு இருக்கிறது. அதற்குள் ஏறத்தாழ 15,000 நுண்ணிய மயிரணுக்கள் உள்ளன. ஓசையை நரம்புக்கு எடுத்துச் சொல்வது இவையே. பேரிரைச்சல் இவற்றை வெளியிலிருந்து அடித்துச் சாய்க்கிறது. இரசாயன ஆவியோ மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் இரத்தத்தில் கலந்து, உள்ளிருந்தே இவற்றை அரிக்கிறது. ஒருமுறை அழிந்த அணு மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை. காதில் எவ்வளவு பஞ்சு அடைத்துக்கொண்டாலும் தின்னர் ஆவியைத் தடுக்க முடியாது என்பதும் இதிலிருந்தே விளங்கும்.

தாராவியின் தோல் பட்டறைகளை எண்ணிப் பார்த்தால் போதும். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள் வேரூன்றிய தொழில் அது. தையல் இயந்திரத்தின் ஓசை பிவண்டி விசைத்தறியின் ஓசைக்கு ஈடாகாது. ஆனால் காற்றோட்டம் குறைந்த அறையில் நாள் முழுதும் பசை டப்பா திறந்தே இருக்குமானால், அங்கே டெசிபல் மானியை மட்டும் வைத்து ஆபத்தை அளந்துவிட முடியுமா?

ஓசைக்கான அளவே தாராளமானது. 8 மணி நேர வேலைக்கு 90 டெசிபல் வரை போகலாம் என்பதுதான் இந்தியத் தொழிற்சாலை விதிகள் வகுத்துவைத்த எல்லை. அமெரிக்க ஆராய்ச்சிக் கழகம் பரிந்துரைப்பது 85. ஐந்துதானே வித்தியாசம் என்று எண்ணக் கூடாது. டெசிபல் கணக்கில் 3 கூடினாலே ஓசையின் சக்தி இரட்டிப்பாகும். 5 கூடினால் மும்மடங்கு. இதில் ஓவர்டைம் சேர்ந்து 12 மணி நேரம் ஆனால், அந்தப் பழைய விதிக் கணக்குப்படியே எல்லை 87 அளவுக்கு இறங்க வேண்டும். ஓவர்டைம் பதிவேட்டை எழுதும் குமாஸ்தாக்களில் எத்தனை பேருக்கு இந்தக் கணக்கு சொல்லித் தரப்பட்டிருக்கும்!

நஷ்டஈட்டுக்கு வருவோம். பட்டியலில் உள்ள வாசகம் இரைச்சலால் ஏற்படும் கேள்விக் குறைவு என்பதே. கார்பன் டைசல்பைடும் பட்டியலில் இருக்கிறது. ஆனால் அதன் நஞ்சேற்றம் தனி நோய். ஓசை 85, ஆவி மிகுதி என்ற கூடத்தில் காது போனவர் எந்த வரியைக் காட்டி மனுப்போடுவார்? மேலும், ஒரே முதலாளியிடம் இடைவிடாமல் 6 மாதமாவது வேலை செய்திருந்தால்தான் அந்த நோய் வேலையால் வந்தது என்று சட்டம் தானாக ஏற்கும். இல்லையேல் நிரூபிக்கும் சுமை தொழிலாளியின் தலையில். காண்டிராக்டர் பெயரை அடிக்கடி மாற்றும் இடங்களில் இந்த 6 மாதம் என்னவாகும் என்பதை விளக்கத் தேவையில்லை.

ஊனமுற்றோர் சலுகையும் எளிதில் கிட்டாது. 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி, பேச்சொலி அலைவரிசைகளில் இரு காதுகளிலும் 60 டெசிபல் இழப்பு இருந்தால்தான் காது மந்தம் ஊனமாகக் கணக்கில் வரும். தொழிலால் வரும் கேடோ பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸ் அருகில், உச்ச ஒலிகளில் தொடங்குகிறது. அப்போது தொழிலாளிக்குப் பேச்சு கேட்கும். சந்தடிக்கிடையே மட்டும் வார்த்தை பிடிபடாது. வீட்டில் டி.வி. சத்தத்துக்குச் சண்டை வரும். வயதின் கோளாறு என்று விட்டுவிடுவார்கள்.

புதிய தொகுப்பில் நன்மை இல்லாமல் இல்லை. குறிப்பிட்ட வயதினருக்கு ஆண்டுதோறும் இலவச மருத்துவப் பரிசோதனையை முதலாளி செய்விக்க வேண்டும்; 40 வயதுக்கு மேற்பட்டோருக்கு இது கிடைக்கும் என்று அரசு அறிவித்திருக்கிறது. ஆனால் 20 வயதில் தறியடியில் நிற்பவனுக்கு 40 என்பது காலங்கடந்த வயது. மின்சக்தியுடன் 10 பேர் வேலை செய்தாலே தொழிற்சாலை என்றிருந்த மத்தியச் சட்டத்தின் வரையறை இப்போது 20 பேர் ஆகிவிட்டது. ஆவி அதிகம் தங்கும் பட்டறைகள் பல, ஆள் எண்ணிக்கையில் சிறியவை என்பதை இங்கே மறக்கலாகாது.

கையளவு தூரத்தில் நிற்பவரிடம் உரக்கக் கத்த வேண்டியிருந்தால் இரைச்சல் 85ஐத் தாண்டியிருக்கலாம் என்று கொள்ளலாம். அத்தகைய இடத்திலோ, தின்னர், பசை புழங்கும் இடத்திலோ வேலைக்குச் சேருகிறவர் முதலிலேயே ஒரு முறை காதைச் சோதித்து, அந்த வரைபடத்தைத் தேதியோடு வைத்துக்கொள்வது நல்லது. பாந்திராவில் உள்ள அலி யாவர் ஜங் தேசிய நிறுவனத்தில் இத்தகைய சோதனை செய்கிறார்கள். ஷிப்ட் முடிந்த கையோடு போகக் கூடாது. இரைச்சலின்றி 14 மணி நேரமாவது கழித்துப் போனால்தான் அளவு சரியாக இருக்கும். நியமனக் கடிதம் கொடுப்பது இப்போது சட்டப்படி கட்டாயம். சேர்ந்த தேதியும் எந்தப் பிரிவு என்பதும் அதில் சரியாக இருக்கின்றனவா என்று, கையெழுத்துக்கு வைக்கும் குமாஸ்தாவே ஒரு பார்வை பார்த்துக் கொடுத்தால், அந்த 6 மாதக் கணக்கு பின்னால் காணாமல் போகாது.