"திடீரென்று மௌத்து" என்று இனி எழுதாதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. திட்டுவதானால் முழுக்க வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

நமது ஊர்ப் பக்கங்களில் ஜனாஸா அறிவித்தல் ஒன்று வரும். கீழே நூறு, இருநூறு 'இன்னா லில்லாஹி' விழும். யாராவது ஒருவர் "என்ன நடந்தது?" என்று கேட்பார். "ஆஸ்பத்திரியில நல்லாத்தான் இருந்தார், விடியச்சாமம் திடீரெண்டு..." என்று பதில் வரும். அதோடு கேள்வி முடிந்துவிடும். அடுத்தது கபுறு வெட்டுகிற வேலை.

அந்தத் 'திடீர்' என்ற சொல்லோடுதான் இன்று நமது சண்டை.

எங்கள் குடும்பத்துப் பெரியவர் ஒருவரின் கதை இது. வன்னியில் உள்ள ஒரு வைத்தியசாலை. பெயர் எழுத மாட்டோம். எழுதினால் அந்த இரவு கடமையில் இருந்த தாதியைத்தான் எல்லோரும் தேடுவீர்கள். நாம் தேடச் சொல்வது அவரை அல்ல.

காய்ச்சல், சளி என்று பின்னேரம் அனுமதித்தோம். இரவு பத்து மணிக்கு அவருடைய மகன் பார்த்தபோது மூச்சு வேகமாக ஏறி இறங்கியது. மூச்சு வாங்கும்போது தோளும் சேர்ந்து அசைந்தது. போய்ச் சொன்னார். நாற்பதுக்கு மேல் நோயாளர் உள்ள வார்ட், இரண்டே தாதியர். "பிரஷர் பார்த்தாச்சு தம்பி, நோர்மல். காலையில டொக்டர் வருவார்" என்றார்கள். அது பொய்யல்ல, பிரஷர் நோர்மல்தான். பன்னிரண்டு மணிக்கு மகன் இன்னொரு தடவை போனார். மூன்றாவது தடவை போக வெட்கப்பட்டார். 'கரைச்சல் குடுக்கிற ஆள்' என்று பெயர் விழுந்துவிடும் என்று பயந்தார். நாலரை மணிக்கு எல்லோரும் ஓடினார்கள். ஒட்சிசன் வந்தது, டொக்டர் வந்தார், ஐ.சி.யூ.வில் கட்டில் கேட்டுத் தொலைபேசி அடித்தார்கள், அம்புலன்ஸ் வந்தது. சுபஹுக்குப் பிறகு, ஏ9 வீதியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

கட்டில் தலைமாட்டுப் பதிவுத் தாளை, பீ.எச்.ரி. என்பார்களே, அதைக் கூடப் போன மகன் பார்த்திருக்கிறார். காய்ச்சல், நாடி, பிரஷர் எல்லாம் இருந்தன. ஒட்சிசன் ஒரே ஒரு தடவை, அனுமதித்த நேரத்தில் மட்டும். ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்ற இடம் வெறுமையாகக் கிடந்தது.

அந்த இடத்தை நிரப்பியிருந்தால் அவர் நிச்சயம் பிழைத்திருப்பார் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அது திடீர் மரணம் அல்ல. பத்து மணிக்கே அவருடைய உடம்பு சொல்லத் தொடங்கிவிட்டது. கேட்டு எழுதத்தான் ஆளில்லை.

இது நமது கற்பனை அல்ல. நாம் வீடு வாசல் விட்டு வெளியேற்றப்பட்ட அதே 1990 இல், அமெரிக்காவின் மயாமி நகர வைத்தியர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வைத்தியசாலைக் கட்டிலில் இருக்கும்போதே இதயம் நின்றுபோன 64 பேரின் பதிவுகளைத் திருப்பிப் பார்த்தார்கள். 54 பேருக்கு அதற்கு முந்திய எட்டு மணித்தியாலங்களுக்குள்ளேயே உடல்நிலை மோசமாவது பதிவாகியிருந்தது, அல்லது நோயாளியே புதிதாக ஏதோ செய்கிறது என்று சொல்லியிருந்தார். 100 க்கு 84 பேர்.

இதிலிருந்து பிறந்த யோசனைதான் முன்னெச்சரிக்கைப் புள்ளி முறை. 1997 இல் இங்கிலாந்தில் ஒரு வைத்தியசாலையின் வைத்தியர்கள் இதை எழுதினார்கள். 2012 இல் பிரித்தானியாவின் அரச வைத்தியர் கல்லூரி அதை நாடு முழுவதற்கும் ஒரே முறையாக்கியது. 2017 இல் திருத்தியது. இதற்குப் பெரிய மெஷின் எதுவும் தேவையில்லை. மூச்சு எண்ணிக்கை, ஒட்சிசன் அளவு, ஒட்சிசன் குழாய் போட்டிருக்கிறதா என்பது, மேல் பிரஷர், நாடி, சுயநினைவு, காய்ச்சல் ஆகிய ஏழு விடயங்கள். சரியாக இருந்தால் 0. பிசகப் பிசக 1, 2, 3 என்று புள்ளி கூடும். கடைசியில் கூட்ட வேண்டும். அவ்வளவுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூச்சு நிமிடத்துக்கு 24: 2 புள்ளி. ஒட்சிசன் 93: 2 புள்ளி. குழாய் இல்லை: 0. பிரஷர் 108: 1 புள்ளி. நாடி 112: 2 புள்ளி. காய்ச்சல் 38.4 பாகை செல்சியஸ்: 1 புள்ளி. கூப்பிட்டால் நன்றாகப் பதில் சொல்கிறார்: 0. தனித்தனியே பார்த்தால் எந்த இலக்கமும் யாரையும் பதற வைக்காது. கூட்டினால் 8. அந்த முறைப்படி 5 வந்தாலே வைத்தியர் அவசரமாக வந்து பார்க்க வேண்டும். 7 அல்லது அதற்கு மேல் வந்தால் அதிதீவிர சிகிச்சை தெரிந்த குழுவே வர வேண்டும். இங்கே 8. நமது வார்ட்டில் இவர் 'நல்லாத்தான் இருக்கிறார்'.

(இது 16 வயதுக்கு மேற்பட்டோருக்கான கணக்கு. சிறுபிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வேறு அட்டவணை. வீட்டில் எவரும் இதை வைத்து வைத்தியம் பார்க்க வேண்டாம்.)

நாம் ஆசிரியர்கள். ஒரு பிள்ளை ஓ.எல். பரீட்சையில் தவறிய பிறகுதான் அது படிக்கவில்லை என்று கண்டுபிடித்தோம் என்று சொன்னால் பெற்றோர் நம்மைச் சும்மா விடுவார்களா? மூன்று தவணையும் பரீட்சை வைத்தாயே, புள்ளி குறைந்ததைப் பார்க்கவில்லையா என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியை நமது வாப்பாவுக்காக, உம்மாவுக்காக வைத்தியசாலை நிர்வாகத்திடம் ஏன் கேட்பதில்லை?

"இதெல்லாம் லண்டனுக்குச் சரி, இங்க சரிவராது" என்பார்கள். இலங்கையிலேயே பார்த்திருக்கிறார்கள். நம்மைப் போலவே கொழும்புக்குத் தூரமான மொனராகலை மாவட்டப் பொது வைத்தியசாலையில், எட்டு மாதத்தில் அனுமதிக்கப்பட்ட 16,386 வளர்ந்தோரின் பதிவுகளை ஆராய்ந்து 2018 இல் வெளியிட்டார்கள். அனுமதிக்கும் நேரத்தில் 100 பேரில் சுமார் 91 பேருக்கு நாடி எழுதப்பட்டிருந்தது. ஒட்சிசன் அளவு எழுதப்பட்டது 24 பேருக்கு மட்டும். எங்கள் பெரியவரின் தாளில் வெறுமையாகக் கிடந்தது ஒரு தாதியின் மறதி அல்ல என்று இப்போது விளங்குகிறதா? அது ஒரு நாட்டின் பழக்கம்.

உண்மையை மறைக்காமல் சொல்வோம். அந்த ஆய்வு புள்ளி முறைகளுக்குப் பூமாலை போடவில்லை. பரிசோதித்த எந்த முறையும் ஆபத்தானவர்களை எதிர்பார்த்த அளவுக்குச் சரியாகப் பிரித்துக் காட்டவில்லை. நமது நோய்களுக்கும் வசதிகளுக்கும் ஏற்றபடி முறையைத் திருத்தத்தான் வேண்டும். ஆனால் பாதிக் கேள்விக்கு விடை எழுதாத தாளைத் திருத்தும்போது புள்ளித் திட்டத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. முதலில் விடையை எழுத வேண்டும்.

"தாதியர் இல்லை, டொக்டர்மார் 2022 க்குப் பிறகு வெளிநாடு போய்விட்டார்கள், இன்னொரு தாளா?" என்ற கேள்வி நியாயமானது. ஆனால் ஆள் குறைவாக இருக்கும் இடத்தில்தான் நாற்பது பேரில் யாரை முதலில் பார்ப்பது என்று சொல்லும் கணக்கு அதிகம் தேவை. ஆட்களை நியமிக்கச் சொல்லிக் கேட்பதும் நமது கடமை. நியமனம் வரும்வரை கண்ணை மூடிக்கொண்டிருக்கச் சொல்வது அநியாயம்.

தாளால் முடியும் என்பதற்கு டெங்கு சாட்சி. டெங்கு நோயாளியின் கட்டிலில் தொங்கும் கண்காணிப்புத் தாளைப் பார்த்திருப்பீர்கள். மேல் பிரஷருக்கும் கீழ் பிரஷருக்கும் உள்ள இடைவெளி, இரத்தப் பரிசோதனை, போன சிறுநீர், கொடுத்த திரவம் எல்லாம் ஆபத்தான கட்டத்தில் அடிக்கடி எழுதுவார்கள். அந்த இடைவெளி 20 க்கு இறங்கினால் யாரும் காலை வரை காத்திருப்பதில்லை. 2017 இல் இந்த நாட்டில் 186,000 பேருக்கு மேல் டெங்கு வந்தது. 440 பேர் மரணித்தார்கள். 1,000 க்கு மூவருக்கும் குறைவு. அந்தக் காப்பாற்றலில் அந்தத் தாளுக்கும் பங்கு உண்டு. அதே தாதியர், அதே வார்ட், அதே சம்பளம். டெங்குக்கு முடிந்தது நியூமோனியாவுக்கு ஏன் முடியாது?

உண்மையில் லண்டனை விட வன்னிக்குத்தான் இது அதிகம் வேண்டும். அங்கே பெரிய வைத்தியசாலையில் ஐ.சி.யூ. மேல்மாடியில் இருக்கும். முல்லைத்தீவிலிருந்து யாழ் போதனா வைத்தியசாலைக்கு 100 கிலோமீற்றருக்கு மேல். வவுனியாவிலிருந்து அநுராதபுரத்துக்கு 50 க்கு மேல், யாழ்ப்பாணத்துக்குச் சுமார் 140. கிராமத்துச் சின்ன வைத்தியசாலையில் கிடப்பவருக்கு அதற்கு முன் இன்னொரு பயணமும் உண்டு. தூரம் கூடக் கூட, மணி முன்கூட்டியே அடிக்க வேண்டும்.

இன்னொரு விடயம். வீட்டில் ஒருவர் விழுந்தால் 1990 க்கு அடிக்கிறோம். 2018 முதல் வடக்கிலும் அம்புலன்ஸ் வாசலுக்கு வருகிறது. வைத்தியசாலைக் கட்டிலில் கிடந்தபடி ஒருவர் மோசமானால் அவருடைய மகன் யாருக்கு அடிப்பது? இங்கிலாந்தில் 2021 இல் மார்த்தா என்ற 13 வயதுப் பிள்ளை சைக்கிளில் விழுந்து அனுமதிக்கப்பட்டு, கிருமித்தாக்கம் முற்றி இறந்தது. பிள்ளை மோசமாகிறது என்று பெற்றோர் சொன்னது எடுபடவில்லை. முன்கூட்டியே ஐ.சி.யூ.வுக்கு மாற்றியிருந்தால் பெரும்பாலும் பிழைத்திருக்கும் என்று மரண விசாரணை சொன்னது. தாய் விடவில்லை. 2024 இல் அங்கே 'மார்த்தா விதி' நடைமுறைக்கு வரத் தொடங்கியது. குடும்பத்தவருக்குப் பயம் வந்தால், வேறொரு குழுவை அழைத்துப் பார்க்கச் சொல்லும் உரிமை அது. அங்கும் பெற்றோர் சொன்னதைக் கேட்காமல் விட்டார்கள். ஆனால் அங்கே ஒரு தாய் "திடீரென்று" என்று எழுதிவிட்டு அடங்கவில்லை.

இங்கே நாம் என்ன செய்கிறோம்? "அவருடைய தவணை முடிந்தது" என்கிறோம். தவணை அல்லாஹ்விடம்தான், அதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஒட்டகத்தைக் கட்டாமல் தவக்குல் பேச மார்க்கம் நமக்குச் சொல்லித் தரவில்லை. கத்ரை நம்புவது வேறு, அதன் பின்னால் ஒரு நிர்வாகத்தை ஒளிய விடுவது வேறு. இல்லையென்றால் இன்னொரு வேலை செய்கிறோம்: வார்ட்டுக்குள் போய்த் தாதியைத் திட்டி, வீடியோ எடுத்துப் போடுகிறோம். இரண்டாலும் வெறுமையாகக் கிடந்த அந்த இடம் நிரம்பவில்லை.

நாம் கேட்பது நான்கு விடயங்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்ட வைத்தியசாலைகளிலும் அவற்றின் கீழுள்ள சின்ன வைத்தியசாலைகளிலும், ஒவ்வொரு நோயாளிக்கும் மூச்சை எண்ணி, ஒட்சிசனைப் பார்த்து எழுத வேண்டும். இரண்டாவது, எத்தனை புள்ளிக்கு யாரை அழைப்பது, எத்தனைக்கு ட்ரான்ஸ்பர் தொடங்குவது என்ற அட்டவணை ஒவ்வொரு வார்ட் சுவரிலும் இருக்க வேண்டும். மூன்றாவது, "மோசமாகிறார்" என்று குடும்பத்தவர் சொன்னால் அது நேரத்தோடு பதிவாக வேண்டும். நான்காவது, எதிர்பாராத ஒவ்வொரு மரணத்தையும் நிர்வாகம் விசாரிக்க வேண்டும். இந்த நாட்டில் தாய்மார் மரணம் ஒவ்வொன்றையும் பல வருடங்களாக அப்படித்தான் ஆராய்கிறார்கள். தாய்க்கு நடப்பது தகப்பனுக்கும் நடக்கட்டும்.

நமக்கும் வேலை இருக்கிறது. வைத்தியசாலைக்கு அன்பளிப்பு என்றால் பெயர் பொறித்த வாங்கிலும் நுழைவாயில் வளைவும்தான் நமக்கு நினைவு வருகிறது. பெயர் பொறிக்க இடமில்லாத சின்னச் சாமான்களை யாரும் கொடுப்பதில்லை. அடுத்த தடவை பள்ளிவாசல் நிர்வாகமும் வெளிநாட்டு உறவுகளும் வைத்தியசாலை அபிவிருத்திக் குழுவிடம் கேட்டு, வார்ட்டுக்குப் பொருத்தமான ஒட்சிசன் பார்க்கும் கருவிகளும், விநாடி முள் உள்ள சுவர்க்கடிகாரங்களும் வாங்கிக் கொடுங்கள். மூச்சு எண்ணக் கடிகாரமும் ஒரு நிமிடமும் போதும். அந்தக் குழுவின் அடுத்த கூட்டத்துக்கு நாங்கள் இந்த நான்கு கோரிக்கைகளோடும் போகிறோம். வரக்கூடியவர்கள் கீழே பெயர் எழுதுங்கள். நமது தமிழ் அயலவர்களையும் கூட்டி வாருங்கள். ஒரே வார்ட்டில்தான் எல்லோரும் கிடக்கிறோம்.

அடுத்த ஜனாஸா அறிவித்தலின் கீழே யாராவது "திடீரென்று" என்று எழுதினால், துஆச் செய்துவிட்டு, மரியாதையாக ஒரு கேள்வி கேளுங்கள்: கடைசியாக அவருடைய மூச்சை எண்ணி எழுதியது எத்தனை மணிக்கு?