வழியறிந்தார் துணை

மலைப்பயணம் மனத்திண்மையை வளர்க்கும் என்பர். அஃது உண்மையே. எனினும், துணிவு ஒன்றே பயணிக்குப் போதுமோ? போதாது என்பதற்கு மெக்சிகோ நாட்டின் சிவாவா மாநிலத்திலுள்ள செப்புப் பள்ளத்தாக்குகள் சான்றாகும்.

அவற்றுள் ஊரிக்கே ஆறு குடைந்த பள்ளத்தாக்கின் ஆழம் 1,800 மீட்டருக்கும் மிகுதி. மேலே பைன் மரங்கள் செறிந்த குளிர்காடு. கீழே மாவும் வாழையும் விளையும் வெப்பநிலம். குளிரில் நடுங்கி இறங்கத் தொடங்குவோன், அடிநிலத்தை அணுகுமுன் நாவறண்டு தளர்வான். மழைக்காலத்திலோ, தொலைவிற் பெய்த மழை திடீரென வெள்ளமாய் வந்து வழிமறிக்கும்.

இந்நிலத்தை நன்கறிந்தோர் அங்கு வாழும் இராராமுரி மக்கள். வறுத்த மக்காச்சோள மாவை நீரிற் கரைத்துண்டு, பழைய வண்டிச் சக்கர இரப்பரால் ஆகிய செருப்பணிந்து, நெடுந்தொலைவு ஓடவல்லர். 1993ஆம் ஆண்டு அமெரிக்காவின் லெட்வில் நகரில் நடந்த 100 மைல் ஓட்டத்தில் முதலில் வந்தவர், அம்மக்களுள் ஒருவரான 55 அகவையினர். நிலத்தோடு பழகிய வாழ்வே அவ்வாற்றலைத் தந்தது.

1961இல் இருப்புப்பாதை நிறைவுற்றபின் அங்குச் செல்வது எளிதாயிற்று. ஆயினும், புகைவண்டி விளிம்பு வரையே கொண்டு சேர்க்கும். அதற்கப்பால் உள்ளூரார் வழிகாட்டுதல் வேண்டும். அவர்க்குரிய ஊதியத்தைக் குறைவின்றி அளித்தலும், அவர்தம் சுனைகளை மாசுபடுத்தாது நடத்தலும் பயணியின் கடமைகள். துணிவோடு பணிவும் உடையார்க்கே மலைப்பயணம் கல்வியாகும்.