பிக்கப்பை மாத்துறதுக்கு முன்னாடி...

பேஸ் கிட்டார்ல சத்தம் கம்மியாயிடுச்சா? உடனே கடைக்குத் தூக்கிட்டு ஓடாதீங்க. நான் ஓடினேன், அதான் சொல்றேன்.

என்னோடது இருபது வருஷப் பழசு. ஃபெண்டர் பிரசிஷன் பேஸ்ல 1957-ல வந்துச்சே, ரெண்டு துண்டா இருக்கிற பிக்கப், அதே மாதிரி உள்ளது. கொஞ்ச மாசமாவே ஆம்ப்ல எவ்வளவு வால்யூம் வச்சாலும் கிணத்துக்குள்ளேர்ந்து கேக்குற மாதிரி இருந்துச்சு. இங்க பெங்களூர்ல ஒரு கடையில குடுத்தேன். வாசிச்சுக்கூடப் பாக்கலை. "காந்தம் வீக் ஆயிடுச்சு சார், புது பிக்கப் போட்டுடலாம்".

என் கட்சி என்னன்னா, பிக்கப்பைக் கடைசியாத்தான் சந்தேகப்படணும். காந்தத்தைச் சுத்தி முடியை விட மெல்லிசான செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுத்து, அவ்வளவுதான் அது. கம்பி அறுந்தா பெரும்பாலும் ஒரே நாள்ல ஊமையாயிடும். மாசக்கணக்கா தேயாது. அல்னிகோ காந்தமும் இருபது வருஷத்துல லேசுல சோர்ந்து போறதில்லை.

வீட்டுக்கு வந்து மல்டிமீட்டரை எடுத்தேன். கேபிளை கிட்டார்ல சொருகி, வால்யூமை முழுசாத் திறந்து, கேபிளோட மறுமுனை பிளக்கில் நுனியிலயும் தண்டுலயும் மீட்டர் கம்பியை வச்சேன். 10.2 கிலோ ஓம். இந்த வகைக்கு சரியான அளவு. பாதிதான் காட்டியிருந்தா ஒரு துண்டு போச்சுன்னு அர்த்தம், ரெண்டு ஸ்ட்ரிங் மட்டும் அமுங்கும். ஒண்ணுமே காட்டலைன்னா எங்கயோ அறுந்திருக்கு. என்னோடதுல நாலுமே ஒரே மாதிரி அமுங்கிக் கிடந்துச்சு.

ஸ்ட்ரிங் பழசோன்னும் யோசிச்சேன். பழைய ஸ்ட்ரிங் மினுமினுப்பை இழக்குமே தவிர இவ்வளவு சத்தத்தை இழக்காது. (மோடவுன் ஜேம்ஸ் ஜேமர்சன் அறுந்தாத்தான் மாத்துவாராம்!)

கடைசி ஃப்ரெட்டை அமுக்கிப் பிடிச்சு ஸ்ட்ரிங்குக்கும் பிக்கப்புக்கும் நடுவுல அளந்தேன். தடிமன் ஸ்ட்ரிங் பக்கம் 3 மி.மீ. வாக்குல இருக்கணும். இருந்தது 6-க்கு மேல. ஸ்க்ரூவைத் தளர்த்தினேன், ஸ்க்ரூ மட்டும் மேல வருது, பிக்கப் அசையவே இல்லை. கழட்டிப் பாத்தா, அடியில தூக்கிக் குடுக்கிற ஸ்பாஞ்ச் அப்பளம் மாதிரி நொறுங்கிக் கெடக்கு! தூரம் கூடக்கூட காந்தப்புலம் மளமளன்னு விழும், சத்தமும் கூடவே விழும்.

பழைய ரப்பர் செருப்புல ரெண்டு துண்டு வெட்டி வச்சேன். செலவு பூஜ்யம். (ரொம்பக் கிட்ட ஏத்திடாதீங்க, காந்தம் ஸ்ட்ரிங்கை இழுத்து சுதி ஆடும்.)

உங்களோடது பேட்டரி போடுற ஆக்டிவ் பேஸ்னா முதல்ல அந்த 9 வோல்ட்டை மாத்துங்க. வாசிக்காதப்போ கேபிளைச் சொருகியே வச்சிருந்தா அது தீர்ந்துக்கிட்டே இருக்கும்.

மீட்டர் வச்சுப் பாத்துட்டு சொல்றவர் 500 ரூபாய் கூலி கேட்டாலும் நான் குடுப்பேன். இவரு தொட்டுக்கூடப் பாக்காம, "பழைய பிக்கப்பை நானே எடுத்துக்கறேன்"னாரு. அதான் இன்னும் உறுத்துது.