வில்வ மரத்தடியில் ஓர் ஆண்டு

எங்கள் தெருக்கோடிச் சிவன் கோயிலின் நந்தவனத்தில் ஒரு வில்வ மரம் உண்டு. வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதலாக, பிரதோஷ பூஜைக்கு அதிலிருந்து இலை பறித்துக் கொடுப்பதை ஒரு சிறு தொண்டாகச் செய்து வருகிறேன். சென்ற ஆண்டு புரட்டாசியில் ஒரு நாள், ஏழு வயதுப் பேத்தியையும் உடன் அழைத்துச் சென்றேன். கூடையைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்பதன்றி வேறு நோக்கம் எனக்கு இல்லை.

தளிர்கள் பலவும் ஓரம் கடிபட்டுக் கிடந்தன. பூச்சி அரித்த இலை அர்ச்சனைக்கு ஆகாது என்பது பெரியோர் வகுத்த நியதி. எனக்குச் சினம் வந்தது. "தோட்டக்காரரிடம் சொல்லி மருந்து அடிக்க வேண்டும்" என்று முணுமுணுத்தேன். முந்தைய ஆண்டுகளில் அப்படிச் சொல்லி அடிக்கச் செய்தவனும் நானே.

அப்போது பேத்தி, "தாத்தா, இங்கே பாருங்கள், காக்கை எச்சம் நகர்கிறது!" என்றாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். பழுப்பும் வெள்ளையும் கலந்த ஒரு சிறு புழு, பறவையின் எச்சம் போலவே இலைமேல் கிடந்தது. அவள் ஒரு குச்சியால் மெல்லத் தொட்டாள். உடனே அதன் தலைக்குப் பின்புறம் ஆரஞ்சு நிறத்தில் இரண்டு கொம்புகள் வெளியே நீண்டன. ஒரு நெடியும் எழுந்தது. பயந்து பின்வாங்கியவள், மறுகணமே சிரித்தாள்.

அது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு. எலுமிச்சையும் வில்வமும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆகவே அந்தப் பூச்சி இரண்டின் தளிரிலும் முட்டையிடுகிறது. அன்று ஐந்து புழுக்களை எண்ணினோம். மருந்து அடிப்பதில்லை என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் அவள் வீடு திரும்பினாள். முழுமையான இலைகளை மேற்கிளைகளிலிருந்து தேடிப் பறித்தேன். கால்மணி நேரம் கூடுதலாயிற்று; பூஜைக்கு ஒரு குறையும் நேரவில்லை.

மறுநாள் முதல் மாலைதோறும் சென்றோம். எச்சம் போலிருந்த புழுக்கள் வளர்ந்து, தோல் உரித்து, இலையோடு இலையாகப் பச்சை நிறம் கொண்டன. ஆயினும் ஒவ்வொன்றாகக் குறைந்தன. ஒன்றை மைனா கொத்திக்கொண்டு போனதை எங்கள் கண்ணாலேயே கண்டோம். பேத்தியின் கண்கள் கலங்கின. சமாதானமாகப் பெரிய தத்துவம் எதையும் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. "மைனாவுக்கும் பசிக்கும் அல்லவா, அம்மா" என்றேன். அவள் சற்று நேரம் பேசாமல் இருந்தாள்.

எஞ்சியது ஒன்றே. அது ஒரு குச்சியில் தன்னை மெல்லிய பட்டு நூலால் சுற்றிக் கட்டிக்கொண்டு அசைவற்றிருந்தது. ஐயப்பன் திருமேனியில் யோகபட்டம் கட்டியிருக்குமே, அதைப் போல என்று சொன்னேன். அவளுக்கு உடனே விளங்கிற்று. பத்தாம் நாள் காலையில், கசங்கிய சிறகுகளுடன் அது வெளியே வந்து தொங்கிக்கொண்டிருந்தது. சிறகு உலரும் வரை இருவரும் நின்றோம். கருமையில் வெளிர்மஞ்சள் புள்ளிகள். பின்சிறகில் ஒரு செம்புள்ளி. மதிலைத் தாண்டி அது பறந்து மறைந்ததும் அவள் கேட்டாள்: "நாளைக்கு எதைப் பார்க்கலாம், தாத்தா?"

அன்று வீடு திரும்புகையில் ஒன்று என் நெஞ்சைத் தைத்தது. நாற்பது ஆண்டுகளாக நாள்தோறும் சிவபுராணம் ஓதி வருகிறேன். புழுவாகவும் மரமாகவும் பிறந்து இளைத்ததை மாணிக்கவாசகப் பெருமான் அதில் முறையிடுகிறார். நாவால் அதை எத்தனையோ ஆயிரம் முறை சொன்ன நான், ஒரு புழுவையேனும் ஒரு நாழிகை நின்று பார்த்ததில்லை. பார்க்க வைத்தவள் ஒரு குழந்தை.

அவள் கேள்விக்கு விடையாகவே அந்த ஆண்டு கழிந்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் திருக்குளத்தின் படிகள் எத்தனை மூழ்கின என்று எண்ணினோம். விளக்கைச் சுற்றிய ஈசல்கள் சிறகு உதிர்த்து ஊர்வதைக் கண்டோம். மார்கழி விடியலில், நந்தியாவட்டைச் செடியில் சிலந்தி வலை பனித்துளி கோத்து நின்றது. பங்குனியில் வில்வம் இலைகளை உதிர்த்து நின்றபோது, "மரம் செத்துவிட்டதா?" என்று அவள் கலங்கினாள். "பொறுத்துப் பார்ப்போம்" என்றேன். சித்திரையில் வேப்பம்பூப் பச்சடி உண்ட வாரத்தில் கிளையெங்கும் தளிர். பின்னர் வெண்பச்சை நிறத்தில் மணமுள்ள பூக்கள். இளவேனில் என்ற சொல்லை அவள் பாடப் புத்தகத்தில் கற்கவில்லை. வில்வ மரத்தடியில் கற்றாள்.

இதையெல்லாம் தொலைபேசியில் மகனிடம் அவள் விவரித்தபோது, அவன் சிரித்துக்கொண்டே, "எனக்கு இவற்றை நீங்கள் காட்டவில்லையே, அப்பா" என்றான். குற்றம் சாட்டும் குரல் அன்று, இருப்பினும் உண்மை. அவன் சிறுவனாயிருந்த நாட்களில் ஊர் ஊராக மாற்றல். வீடு திரும்பும் வேளையில் அவன் உறங்கியிருப்பான். கணக்கு முடிக்கும் அவசரத்தில் நான் இழந்த மாலைகளை எந்தப் பேரேட்டிலும் திரும்ப வரவு வைக்க இயலாது.

என் வயதொத்த அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். பேரப்பிள்ளைகளைக் கோயிலுக்கு அழைத்துச் செல்லும்போது அரைமணி நேரம் முன்னதாகப் புறப்படுங்கள். தல விருட்சமோ, தெருவோர வேம்போ, ஒரே ஒரு மரத்தைத் தேர்ந்துகொண்டு ஆண்டு முழுவதும் அதையே பாருங்கள். கண்டதை நாட்காட்டியில் அந்தந்தத் தேதியின் கீழ்க் குழந்தையையே எழுதச் சொல்லுங்கள். பாடம் நடத்த வேண்டாம். அவர்கள் நிற்கும் இடத்தில் நாமும் நின்றால் போதும். மூட்டு வலியால் மெல்ல நடப்பவருக்கும், வழியெல்லாம் நின்று நின்று நடக்கும் குழந்தைக்கும் நடைவேகம் ஒன்றே.

வைகாசியில் பூத்த ஒரு பூவின் காம்பில் பேத்தி சிவப்பு நூல் கட்டி வைத்தாள். இன்று அது உருண்டைப் பச்சைக்காய். வில்வம் பூத்துப் பழுக்கப் பத்து மாதங்களுக்கு மேல் ஆகும். "மாசியில் பழுக்குமா, தாத்தா?" என்று தினமும் கேட்கிறாள். ஈசன் திருவுளம் இருப்பின், இருவருமாகவே சென்று பார்ப்போம்.