கல்லு வந்து எறங்கட்டும், அப்புறம் தேதி வைங்க

நேத்து ராத்திரி நம்ம ஆலய வாட்ஸ்அப் குழுவுல கும்பாபிஷேகத் தேதி வந்துருச்சு. தை மாசமாம். ஆளாளுக்குக் கை கூப்புற படம் போட்டாச்சு. நான் ஒரே ஒரு கேள்வி போட்டேன்: "முன்மண்டபத்துக்கு வரவேண்டிய தூணெல்லாம் இப்ப எங்க இருக்கு?" பத்து நிமிஷத்துல கேள்வியக் காணோம், அழிச்சுட்டாங்க. அதனாலதான் இங்க எழுதுறேன். நீளமாதான் இருக்கும், பொறுத்துக்குங்க.

கல்லு இன்னும் மாமல்லபுரத்துப் பட்டறையில கெடக்கு. பாதித் தூணுக்கு உளி வேலையே முடியல. இப்ப புரட்டாசி. தையில கும்பாபிஷேகம்னா ஐப்பசி, கார்த்திகையிலதான் கல்லு சென்னையில கப்பல் ஏறணும். அந்த ரெண்டு மாசமும் வங்காள விரிகுடாவுல புயல் மாசம். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்ப சென்னைத் துறைமுகத்துல வேலையே நின்னுச்சு. புயல் இல்லாட்டியும் கப்பல் சொன்ன நாளுக்கு வரும்னு எவனும் எழுதிக் கொடுக்க மாட்டான். 2024-ல செங்கடல் பிரச்சினையால கப்பலெல்லாம் ஆப்பிரிக்காவச் சுத்தி வந்து, சிங்கப்பூர்லயும் கிள்ளான்லயும் எறங்க எடம் இல்லாம வரிசையில நின்னதை நாம பார்த்தோம். சென்னையிலேருந்து நேரா வந்தா ஒரு வாரம், பத்து நாள்தான். கொழும்புல எறக்கி வேற கப்பல்ல ஏத்துனா எத்தனை நாள்னு கணக்கே கிடையாது.

"எப்பவும் இப்படித்தானே செய்றோம், முருகன் பார்த்துக்குவான்"னு செயலாளர் சொல்றார். போன திருப்பணியில முருகன் பார்த்துக்கிட்ட கதைய நான் சொல்லியே ஆகணும். அதுல எனக்கும் பங்கு இருக்கு.

அப்பவும் பத்திரிகை அடிச்சுட்டுத்தான் கல்லுக்காகக் காத்திருந்தோம். கண்டெய்னர் போர்ட் கிள்ளான் வந்துருச்சு, எடுக்க முடியல. கப்பல் சீட்டுல ஆலயத்தை நாம வாயால சொல்ற பேரைப் போட்டிருக்காங்க. சங்கப் பதிவிலாகா செர்டிபிகேட்ல இருக்குற பேரு வேற. அதைத் திருத்தி வாங்கவே நாள் ஓடிருச்சு. அப்புறம் மரச்சட்டத்துல முத்திரை இல்லன்னு இன்னொரு தடை. வெளிநாட்டுக்குப் போற மரப்பெட்டி, கட்டை எல்லாத்தையும் பூச்சி போக 56 டிகிரியில 30 நிமிஷம் சூடு காட்டியோ புகை போட்டோ, கோதுமைக் கதிர் படம் போட்ட முத்திரை அடிச்சிருக்கணும். ஐ.எஸ்.பி.எம். 15னு உலகம் பூரா இருக்குற விதி. பட்டறைக்காரர் பக்கத்துல கெடச்ச சவுக்குக் கட்டைய அடிச்சு அனுப்பிட்டார். நம்ம பக்கத்துல யாரும் கேக்கல. 17 நாள் கண்டெய்னர் அங்கேயே நின்னுச்சு. துறைமுகத்துக்கு எட வாடகை ஒரு பக்கம், கப்பல் கம்பெனிக்குக் கண்டெய்னர் வாடகை ஒரு பக்கம், ரெண்டும் நாள் கணக்குல ஏறுச்சு. அந்தக் காசு அன்னதான நிதியிலேருந்து போச்சு. கணக்குல "இதர செலவு"ன்னு ஒரே வரியில எழுதி முடிச்சுட்டாங்க.

கடைசியில கதவைத் தொறந்தா, முட்டுக் கட்டை நகர்ந்து ஒரு தூண் உருண்டிருக்கு. தலைப்பக்கம் ரெண்டா விண்டுபோச்சு. கும்பாபிஷேகத்துக்கு 12 நாள்தான் இருந்துச்சு. வேற தூண் செதுக்கிக் கொண்டாற நேரம் இல்ல. எப்பாக்ஸி பசை போட்டு ஒட்டி, கல்லுப் பொடி தூவித் தேச்சு, நிறுத்திட்டோம். பசையக் கலக்கிக் கொடுத்தவன் நான். அந்தத் தூணுக்கு உபயம் எழுதுன குடும்பத்துக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. அவங்க அந்தத் தூணுல சாஞ்சு படம் எடுத்துக்குறப்ப நான் அந்தப் பக்கம் போறதில்ல. பின்னமான விக்கிரகத்தைக் கருவறையில வைக்க மாட்டோம்னு எல்லாருக்கும் தெரியும். தூணுக்கு என்ன முறைன்னு ஸ்தபதிகிட்ட ஒரு போன் போட்டிருக்கலாம். போடல. தேதி குறிச்சாச்சே!

ஒடஞ்ச தூணுக்கு இன்சூரன்ஸ் வாங்கலாமேன்னு கேப்பீங்க. "சி.ஐ.எஃப். விலைதான், இன்சூரன்ஸ் உள்ள இருக்கு"ன்னு கமிட்டியில அடிச்சுச் சொன்னாங்க. இருந்தது உண்மைதான். ஆனா சி.ஐ.எஃப்.ல விக்கிறவர் எடுக்கவேண்டியது ஆகக் குறைஞ்ச 'சி' பிரிவு மட்டுந்தான். கப்பல் மூழ்குனா, தீப்பிடிச்சா, மோதுனா அதுல கெடைக்கும். பெட்டிக்குள்ள தூண் உருண்டு ஒடஞ்சா கெடைக்காது. அதுக்கு 'ஏ' பிரிவு கேட்டு வாங்கணும், கொஞ்சம் கூடுதல் காசு. அதுலயும் கட்டுனது சரியில்லன்னு தெரிஞ்சா கை விரிச்சுடுவாங்க. இன்னொண்ணு, சி.ஐ.எஃப்.னா கிள்ளான் வரைக்கும் பட்டறைக்காரர் பொறுப்புன்னு நம்மில் பாதிப்பேர் நினைக்கிறோம். கப்பல் கூலி மட்டுந்தான் அவரோடது. சென்னையில கப்பல்ல ஏறுன நிமிஷத்துலேருந்து நஷ்டம் நம்மளோடது.

அறவே இன்சூரன்ஸ் இல்லாட்டி இன்னும் மோசம். 2021-ல சூயஸ் கால்வாய்ல எவர் கிவன் கப்பல் குறுக்க மாட்டிக்கிச்சே, அதுல சரக்கு வச்சிருந்த எல்லார்கிட்டயும் மீட்புச் செலவுல பங்கு கேட்டாங்க. பொருளுக்கு ஒரு கீறல் விழலன்னாலும் பங்குக்கு ஜாமீன் கட்டுனாதான் சரக்கு. அது கடல் வாணிபத்துல பழங்காலத்து வழக்கம். கோயில் கல்லுக்கு விலக்கு கெடையாது.

இந்தத் தடவை இன்னொரு புத்திசாலித்தனம் பேசுறாங்க: "20 அடிக்குப் பதிலா 40 அடி கண்டெய்னர் எடுத்தா ஒரே தடவையில வந்துரும், மிச்சம்." பஞ்சு மூட்டைன்னா சரி. கருங்கல் ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 2.7 டன். ஒன்றரை அடிச் சதுரத்துல 9 அடி உயரத் தூண் ஒண்ணே ஒன்றரை டன் தாண்டும். 16 தூண் வச்சா 20 அடிப் பெட்டியில பாதி உயரம்கூட நிறையாது, ஆனா எடை 25 டன் பக்கம் வந்துரும். 40 அடிப் பெட்டிக்கும் மொத்த எடை வரம்பு ஏறக்குறைய அதேதான். பெட்டியோட சொந்த எடை அதிகம்கிறதால உள்ள ஏத்துறது இன்னும் குறையும். எடையக் குறைச்சு எழுதலாம்னும் நினைக்காதீங்க. 2016 ஜூலையிலேருந்து எடை போட்டுச் சான்று கொடுக்காத கண்டெய்னரைக் கப்பல்ல ஏத்தவே கூடாது.

"இவனுக்குக் கல்லு வேண்டாமாம், சிமெண்டுலயே கட்டச் சொல்றான்"னு இப்பவே ஒருத்தர் கெளம்பிட்டார். அப்படிச் சொல்லவே இல்லீங்க. பத்துமலை முருகன் சிமெண்டுலதான் நிக்கிறார், அவர் அழகுக்கு என்ன கொறச்சல்? ஆனா நம்ம ஆலயத்துக்குக் கருங்கல்தான்னு பொதுக்கூட்டத்துல நானும் கை தூக்குனவன். ஹவாய்த் தீவுல காவாய்ல இறைவன் கோயில் கட்டுனாங்களே, 1990-ல பெங்களூர்ப் பக்கம் செதுக்க ஆரம்பிச்சு, கண்டெய்னர் கண்டெய்னரா கடல் தாண்டிக் கொண்டுபோய், 2023-ல கும்பாபிஷேகம் செஞ்சாங்க. 33 வருஷம். சிவன் ஒண்ணும் கோவிச்சுக்கல. நமக்கு ஆறு மாசம் தள்ளிப்போனா என்ன கொறஞ்சுபோகும்? ஒண்ணு வேணா சொல்லலாம்: தையில மேடையில மாலை வாங்கவேண்டிய பிரமுகருக்கு ஆனியில நேரம் இருக்காது.

ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணிக்கு மண்டபத்துல பொதுக்கூட்டம். கல்லு வந்து எறங்கி, ஸ்தபதி ஒவ்வொண்ணா தட்டிப் பார்த்து சரின்னு சொன்ன பிறகுதான் தேதின்னு தீர்மானம் கொண்டாரப் போறேன். கப்பல் சீட்டு, இன்சூரன்ஸ் பத்திரம், துறைமுகத்துக்குக் கட்டுன ரசீது மூணையும் அறிவிப்புப் பலகையில ஒட்டணும்னும் கேப்பேன். தீர்மானத்துக்கு வழிமொழிய ஒரு ஆள் வேணும். கமிட்டியில ரெண்டு பேர் தனியா மெசேஜ் போட்டு "நீ சொல்றது சரிதான் தம்பி"ங்கிறாங்க. அண்ணே, அதை அங்க வந்து சொல்லுங்க.

அந்த உபயக் குடும்பத்து வீட்டுக்கு சனிக்கிழமை சாயங்காலம் போறேன். தூண் விஷயத்தை என் வாயாலயே சொல்லிட்டுத்தான் கூட்டத்துக்கு வருவேன்.