தார் ரோட்டுக்கு மட்டும் நேந்து விட்ட வண்டியா?

ஸ்போர்ட்ஸ் பைக் வச்சிருக்கிறவன் மண் ரோட்டுப் பக்கம் தலை வச்சுப் படுக்கக்கூடாதுன்னு யார் சட்டம் போட்டாங்கன்னு தெரியல. ஆனா ஊரே அதை நம்புது. "ஆர்15-ஐ எடுத்துக்கிட்டு கண்மாய்க் கரையில போறியா? ஃபேரிங் என்னத்துக்கு ஆகும்?" இப்படிக் கேக்காத ஆளே கிடையாது. கேட்டு முடிச்ச கையோட அடுத்தது ரெடியா வரும். "பேசாம இதை வித்துட்டு ஒரு ஹிமாலயன் வாங்கிடேன்."

நான் வாங்கப் போறதில்லை. ஏன்னு சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க மக்களே.

நான் ஓட்டுறது கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், கயத்தாறு சுத்துவட்டாரம். 2000 டிசம்பர்ல பிரதமர் கிராமச் சாலைத் திட்டம் வந்ததுக்கப்புறம் பல ஊருக்குத் தார் வந்துடுச்சு. ஆனாலும் கண்மாய்க் கரைகள், ஓடைக் கரைகள், காட்டுக்குப் போற வண்டிப்பாதைகள் எல்லாம் இன்னும் சரளைதான். இது போக கயத்தாறு பக்கம் காத்தாடிக் காரங்க போட்ட ரோடுகள் வேற. ஒவ்வொரு காத்தாடிக்கும் ஒரு கிராவல் ரோடு. அந்த நீள றெக்கையை ஏத்திக்கிட்டு டிரெய்லர் திரும்பணும்ங்கிறதால அகலமா, வளைவெல்லாம் தாராளமா இருக்கும். சாயங்காலம் அஞ்சு மணிக்கு அங்க ஓட்டிப் பார்த்தவனுக்குத் தெரியும் நான் ஏன் இப்படிப் புலம்புறேன்னு.

இப்ப கணக்குக்கு வருவோம். என்னோடது மூணாவது வெர்ஷன் ஆர்15. 155 சிசி, எடை சுமார் 140 கிலோ, கிரவுண்ட் கிளியரன்ஸ் 170 மிமீ. ஹிமாலயன் 450 என்ன எடை? 196 கிலோ. வித்தியாசம் ஒரு மூட்டை சிமென்ட்டுக்கு மேல. ஆள் நடமாட்டம் இல்லாத கண்மாய்க் கரையில வண்டி சாஞ்சா, அந்த மூட்டையையும் சேர்த்துத் தூக்கப்போறது யாரு? யூட்யூப்ல ரிவ்யூ போட்டவரா வருவார்?

"கிளியரன்ஸ் பத்தாதே பாஸ்"னு சொல்றவங்களுக்கு ஒரே பதில்தான். ஸ்ப்ளெண்டருக்கும் கிட்டத்தட்ட இதே கிளியரன்ஸ்தான். ஸ்ப்ளெண்டர் போகாத காடு தமிழ்நாட்டுல எங்கயாவது இருந்தா சொல்லுங்க, அங்க நானும் போகல.

அதுக்காகப் பொய் சொல்லக்கூடாது. சரளைக்குன்னே செஞ்ச வண்டி சரளையில நல்லாத்தான் போகும். ஹிமாலயன், எக்ஸ்பல்ஸ் எல்லாத்துக்கும் முன்சக்கரம் 21 இன்ச். குழியை அது ஏறிக் கடந்துடும், நம்ம 17 இன்ச் அதுக்குள்ள இறங்கிப் பார்க்கும். நம்ம ஹேண்டில்பார் தாழ்ந்து கிடக்கிறதால உடம்பு எடை முன்னாடி விழும். ஃபோர்க்கும் செங்குத்தா நிக்குதா, திருப்பினா சட்டுனு திரும்பும். தார்ல அதுதான் சுகம், சரளையில அதுதான் வயித்தைக் கலக்கும். ஆனா இதெல்லாம் பழகினா சமாளிக்கிற விஷயம். பழகுறதுக்குப் பதிலா ரெண்டரை லட்சத்துக்கு மேல கொட்டிக் குடுன்னு சொல்றதுதான் எனக்குப் பிடிக்கல. எங்க ஆபீஸ்ல ஒரு பையன், சம்பளம் இருபத்திரெண்டாயிரம், நல்லா ஓடிக்கிட்டிருந்த வண்டியை வித்துட்டு லோன் போட்டு அட்வெஞ்சர் பைக் எடுத்தான். மாசாமாசம் தவணை கட்டுறான். ஞாயித்துக்கிழமை பெட்ரோலுக்குக் காசில்லாம வீட்ல உக்காந்திருக்கான். இதுல எங்கடா அட்வெஞ்சர்?

ஷாக் லூக்காசன்னு ஒரு டச்சுக்காரர் இருக்கார். யமஹா ஆர்1-ல வருஷக்கணக்கா உலகம் சுத்தினவர். ஆர்1-ங்கிறது ஆயிரம் சிசி ரேஸ் வண்டி. அதை வச்சுக்கிட்டு மண்ணு, சேறு, பாலைவனம்னு ஒண்ணையும் விடல. பின்னாடி அதே மாதிரி ஒரு வண்டியை மாத்தி வடிவமைச்சு, வட துருவப் பக்கம் பனிக்கட்டி மேலயே ஓட்டப் போயிட்டார். அவர் அளவுக்கு நமக்கு வேண்டாம் சாமி. நமக்கு விளாத்திகுளத்துல இருந்து வேம்பாருக்கு ஊருக்குள்ள பூந்து போகத் தெரிஞ்சா போதும்.

எப்படி ஓட்டுறதுன்னு கேட்டா, முதல் விஷயம் கை. ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிச்சவன் விழுவான். சரளையில முன்சக்கரம் ஆடத்தான் செய்யும், ஆடட்டும்னு விட்டுடணும். முழங்காலால டாங்கை இறுக்கிக்கிட்டு, சீட்ல இருந்து ரெண்டு விரக்கடை பின்புறத்தைத் தூக்கிக்கணும். முழுசா எந்திரிச்சு நிக்கிறதெல்லாம் இந்த ஃபுட்ரெஸ்ட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் ஒத்து வராது, முதுகு கும்பிடு போட்ட மாதிரி ஆயிடும். பார்வை முன்சக்கரத்துக்கு முன்னாடி இருக்கிற கல்லு மேல இல்லாம தூரத்துல இருக்கணும். ஆக்சிலரேட்டர் ஒரே சீரா. வளைவுக்கு முன்னாடியே கியரைக் குறைச்சுடணும். மூணாவது வெர்ஷன்ல ஸ்லிப்பர் கிளட்ச் இருக்கிறது இங்கதான் காசுக்கு வேலை செய்யுது. கியர் இறக்கும்போது பின்சக்கரம் துள்ளாம இருக்கும். ரேஸ் டிராக்குக்காக வச்ச சாமான், ஆனா எனக்கு அதோட அருமை தெரிஞ்சது கயத்தாறு கிராவல்லதான் :-)

பிரேக் பத்திக் கொஞ்சம் நிதானமா சொல்லணும், ஏன்னா இதுல உயிர் இருக்கு. 2019 ஏப்ரல்ல இருந்து 125 சிசிக்கு மேல எல்லா வண்டிக்கும் ஏபிஎஸ் கட்டாயம். தார்ல அது காவல் தெய்வம். சரளையில கதை வேற. சக்கரம் லாக் ஆனா, முன்னாடி கல்லு குவிஞ்சு, அந்தக் குவியலே வண்டியை நிறுத்த உதவும். ஏபிஎஸ் லாக் ஆக விடாது, அதனால வண்டி இன்னும் கொஞ்ச தூரம் ஓடித்தான் நிக்கும். இறக்கத்துல பிரேக்கே இல்லாத மாதிரி ஒரு உணர்வு வரும். ஆர்15-ல அதை அணைக்க சுவிட்ச் கிடையாது. ஃபியூஸைப் புடுங்கிடுன்னு ஒரு கோஷ்டி சொல்லும், கேக்காதீங்க. முன்சக்கரம் லாக் ஆனா ஹேண்டில் நம்ம பேச்சைக் கேக்காது, அடுத்த நொடி தரையில கிடப்போம். இறக்கத்துல ரெண்டாவது கியர், என்ஜின் பிரேக்கிங், முன்னாடி வண்டிக்கு டபுள் இடைவெளி. அவ்வளவுதான் வைத்தியம்.

ரேடியேட்டர் முன்சக்கரத்துக்கு நேர் பின்னாடி மூஞ்சியக் காட்டிக்கிட்டு இருக்கும். ஒரு வலை வாங்கி மாட்டிடுங்க. முன்னாடி போற வண்டிக்கு ஒட்டிப் போகாதீங்க. பஞ்சர் கிட் இல்லாம கிளம்பவே கூடாது. எங்க பக்கம் கல்லை விட சீமைக்கருவேல முள்ளுதான் எமன். வேலி வெட்டுற நாள்ல ரோடெல்லாம் முள்ளு. காத்து கொஞ்சம் குறைச்சா பிடிமானம் கிடைக்கும், உண்மைதான். அதுக்குன்னு ரொம்பக் குறைச்சா அலாய் வீல் விளிம்பு நெளிஞ்சிடும். டியூப்லெஸ் டயர், விளிம்பு நெளிஞ்சா காத்து நிக்காது.

போகக்கூடாத இடமும் உண்டு. மழை பெஞ்ச கரிசல் காட்டுக்குள்ள சத்தியமாப் போகாதீங்க. அந்த மண்ணு டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவுல அப்பி, பத்தடியில சக்கரம் சுத்துறதையே நிறுத்திடும். சாத்தான்குளம் பக்கம் குதிரைமொழித் தேரியும் அப்படித்தான். செக்கச்செவேல்னு பார்க்க அழகா இருக்கும். ஆனா அது மணல். சரளைக்கு அடியில கெட்டித் தரை இருக்கு, தேரிக்கு அடியிலயும் தேரிதான். நின்னு போட்டோ எடுத்துட்டுத் திரும்பிடுங்க. ஆனி ஆடியில செங்கோட்டைக் கணவாய்க் காத்து கயத்தாறு வரைக்கும் வீசும்போது, ஃபேரிங் வச்ச வண்டியைப் பக்கவாட்டுல தள்ளும். அந்த மாசங்கள்ல காத்தாடி ரோட்டை நான் காத்தாடிக்கே விட்டுடுறது.

இதெல்லாம் ஆசைக்காகப் போற நம்ம கதை. ஆசை இல்லாமலே அந்த ரோட்டுல போறவங்க கதை ஒண்ணு இருக்கு.

எங்க பெரியப்பாவுக்கு அறுபத்திமூணு வயசு. டிவிஎஸ் எக்ஸ்எல்தான் வண்டி. போன வருஷம் ஊருக்குப் போற ரோட்டைப் புதுசாப் போடுறோம்னு பழைய தாரைக் கொத்தி, ஜல்லியைப் பரப்பிட்டுப் போன காண்டிராக்டர் நாலு மாசம் திரும்பிப் பார்க்கல. ஜல்லியைப் பரப்பினா ரோலர் விட்டு, சந்துல துகளைத் தூவி, தண்ணி ஊத்தி, மறுபடி ரோலர் விடணும். அப்பத்தான் கல்லு ஒண்ணையொண்ணு கவ்விப் பிடிக்கும். பாதியில விட்டா அது ரோடு இல்ல, கல்லுக்குவியல். வேலை நடக்கிற இடத்துல என்னென்ன எச்சரிக்கைப் பலகை வைக்கணும், எங்க வைக்கணும்னு இந்தியச் சாலைக் காங்கிரஸ் எஸ்பி 55-னு ஒரு வழிகாட்டியே போட்டு வச்சிருக்கு. அங்க ஒரு சாக்குப் பையைக் கூட கட்டித் தொங்க விடல.

பெரியப்பா புண்ணாக்கு மூட்டையோட விழுந்தார். மணிக்கட்டு உடைஞ்சது. பார்க்கப் போனப்ப நான் என் வித்தையெல்லாம் எடுத்து விட்டேன், கையை லூசா வைங்க, தூரமாப் பாருங்கன்னு. பொறுமையா கேட்டுட்டு, "எய்யா, நீ தலைக்குக் கவசம், கைக்கு உறை, காலுக்குப் பூட்ஸுன்னு போட்டுக்கிட்டு வாரத்துக்கு ஒரு நாள் போற. நான் வேட்டியோட தெனம் ரெண்டு தடவை போறேன்"னார். இப்ப அவர் வண்டி எடுக்கிறதில்லை. புண்ணாக்கு வாங்க பஸ்ஸுக்குக் காத்து நிக்கிறார்.

அதனாலதான் மூலைக்கு மூலை "ஆஃப்ரோடிங்"னு வீடியோ போட்டு, ஊருக்கு நடுவுல சைலென்ஸரைக் கழட்டின வண்டியில கல்லைச் செதறடிச்சுக்கிட்டுப் போறவங்களைப் பார்த்தா பத்திக்கிட்டு வருது. அது உங்க ஆஃப்ரோடு இல்லங்க, அவங்க ரோடு. தீப்பெட்டி ஆபீஸ் முடிஞ்சு நடந்து போற பொம்பளைங்க மேல புழுதி அடிக்காம, ஆட்டு மந்தை வந்தா என்ஜினை அணைச்சுட்டு நின்னு, அப்புறம் போங்க. ஆடு மேய்க்கிறவர்கிட்ட "இந்தப் பாதை எங்கண்ணே போகுது?"ன்னு கேளுங்க. கூகுள் மேப்ல இல்லாத ரெண்டு கண்மாய்க் கரை எனக்கு அப்படித்தான் கிடைச்சது.

அந்த ஜல்லி ரோட்டுக்கு இப்பத் தார் போட்டுட்டாங்க. ஊருக்கு முன்னாடி கடைசி அரை கிலோமீட்டர் மட்டும் இன்னும் பாக்கி. போட்டோ எடுத்துக் கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாள்ல ஒரு மனு குடுத்திருக்கேன். உங்க ஊர்ப் பக்கம் இப்படிக் கிடந்தா நீங்களும் குடுங்க. பெட்டிஷன் நம்பரை மறக்காம வாங்கி வச்சுக்குங்க.